ரெண்டு வருஷம் லேட்

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பிலிப்ஸ் கம்பெனி பெர்லின் கண்காட்சியில் கேசட் என்கிற சின்னப் பெட்டியை உலகத்துக்குக் காட்டியது 1963இல். நடுவில் ரெண்டே வருஷம்.

முத்துக்கும் கேசட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். படித்தது பி.காம். வரவை ஒரு பக்கமும் செலவை ஒரு பக்கமும் எழுதிப் பழகிய கை. அதனால் இந்த ரெண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். தொலைந்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது.

முத்துக்குளிப்பு என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? கொற்கை. பாண்டியன். சிலம்பு. கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்கிற குறிப்பில்கூட கொற்கை முத்து வருகிறது. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத் தொழில். அதன் கணக்கு வழக்கெல்லாம் பத்திரமாக இருக்கிறது. எந்த வருஷம் எத்தனை லட்சம் சிப்பி, என்ன விலைக்கு ஏலம் போனது, கரைக்கு வந்த சிப்பியில் அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, குளித்தவருக்கு ஒரு பங்கு... வெள்ளைக்காரன் ஒன்றையும் விடவில்லை. எட்கர் தர்ஸ்டன் என்பவர் சென்னை மியூசியத்தின் தலைமை அதிகாரியாக இருந்தார். தூத்துக்குடிக்கு வந்து பார்த்துவிட்டு, மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றி 1890இல் ஒரு புத்தகமே போட்டார்.

சரி, அந்தப் படகுகளில் என்ன பாட்டுப் பாடினார்கள்?

நள்ளிரவுக்கு மேல் கரைக்காற்றைப் பிடித்துக்கொண்டு படகுகள் கிளம்பும். விடிந்ததும் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். மூச்சைப் பிடித்து ஒரு நிமிஷம், கொஞ்சம் கூட. மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மத்தியானம் கடல்காற்று திரும்பியதும் கரைக்கு வருவார்கள். காற்று விழுந்துவிட்டால்? துடுப்புதான். துடுப்பு என்றால் பாட்டு வேண்டும். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இந்தக் கரையில் அதற்குப் பெயர் அம்பா. வலை இழுக்க, படகு தள்ள, துடுப்புப் போட எல்லாவற்றுக்கும் அம்பா உண்டு. யார் எப்போது மூச்சு விட வேண்டும், எப்போது தோளைக் கொடுக்க வேண்டும் என்பதைப் பாட்டுதான் சொல்லும். மேஸ்திரி தேவையில்லை.

சிப்பிக்குக் கணக்கு இருக்கிறது. பாட்டுக்கு இல்லை. 1961இல் இந்தக் கரையில் சாதாரணக் குடும்பம் எதற்கும் ஒரு ஒலிப்பதிவுக் கருவி எட்டுகிற விலையில் இல்லை. எட்டுகிற பெட்டி ஒன்று ரெண்டு வருஷம் கழித்து எங்கோ ஐரோப்பாவில் பிறந்தது. அது தூத்துக்குடித் தெருவுக்கு வந்து சேர இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒலியைப் பதிவு செய்கிற மெஷின் பிறந்ததே வீட்டுக்காகத்தான்.

1877இல் எடிசன் போனோகிராபைச் செய்தார். தகரத்தாளைச் சுற்றிய ஒரு உருளை, ஒரு ஊசி, கையால் சுற்ற ஒரு கைப்பிடி. மறுவருஷம் ஒரு பத்திரிகையில், இதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று பட்டியல் போட்டார். கடிதம் சொல்லி எழுத வைக்கலாம். பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் படித்து வைக்கலாம். அதே பட்டியலில் குடும்பப் பதிவேடு என்று ஒன்று. வீட்டில் இருப்பவர்கள் பேசுவதை, பழைய நினைவுகளை, சாகப்போகிறவரின் கடைசிச் சொற்களை அவரவர் குரலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றார். பாட்டுக் கேட்பது அந்தப் பட்டியலில் வெறும் ஒரு வரி.

அடுத்து மெழுகு உருளை வந்தது. பாடலாம், கேட்கலாம், பிடிக்கவில்லையென்றால் மேல்தோலைச் சீவிவிட்டு மறுபடி பாடலாம். 1896இல் எடிசன் விற்ற ஒரு மாடலுக்கு ‘ஹோம் போனோகிராப்’ என்றே பெயர். வெற்று உருளையும் கடையில் கிடைத்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, குடும்பத்தோடு உட்கார்ந்து கூம்புக்குள் பாடிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் ஏன் இது நம் வீட்டுக்கு வரவில்லை? இங்கேதான் வியாபாரம் நுழைகிறது.

எமில் பெர்லினர் என்பவர் 1887இல் தட்டையான இசைத்தட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். உருளையில் ஆரம்ப காலத்தில் ஒரு பிரதிக்கும் இன்னொரு பிரதிக்கும் பெரும்பாடு. தட்டு அப்படியில்லை. ஒரு அச்சு செய்துவிட்டால் தோசை மாதிரி வார்த்துத் தள்ளலாம். கம்பெனிக்கு லாபம். ஆனால் வீட்டில் இருக்கிற கிராமபோனில் தட்டைப் போட்டுக் கேட்கத்தான் முடியும், பதிவு செய்ய முடியாது. பாடுகிறவர் ஒரு பக்கம், கேட்கிறவர் மறு பக்கம் என்று உலகம் ரெண்டாகப் பிரிந்தது. ஒரே மெஷினில் இருந்த வாயையும் காதையும் பிரித்து, காதை மட்டும் நமக்கு விற்றார்கள். எடிசன் 1929இல் கடையைக் கட்டினார். தட்டு ஜெயித்தது.

இந்தியாவுக்குத் தட்டு வந்தது 1902இல். பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பாட வைத்தார். மூன்று நிமிஷப் பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லுவார். ஜெர்மனியில் ஹனோவரில் தட்டு அடிக்கிறவனுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே! 1908இல் கல்கத்தா சியால்டாவிலேயே ஆலை வந்துவிட்டது. அதன் பிறகு தமிழ்ப் பாட்டுக்கும் குறைவில்லை. நாடகப் பாட்டு, கீர்த்தனை, நாயனம், தேசபக்திப் பாட்டு, கடைசியில் சினிமா. எது விற்கும் என்று கம்பெனி நினைத்ததோ அதெல்லாம் தட்டானது. மதராஸுக்கோ கல்கத்தாவுக்கோ போய்ப் பாட முடிந்தவர்கள் பாடினார்கள். தூத்துக்குடி வள்ளத்தில் துடுப்புப் போடுகிறவனை யார் கூப்பிடப் போகிறார்கள்? அதைத் தட்டாக அடித்தால் யார் வாங்குவார்கள்? கம்பெனியைக் குற்றம் சொல்லவில்லை. நானே முதலாளியாக இருந்தாலும் அடித்திருக்க மாட்டேன்.

ஒரே ஒரு வழி இருந்தது, ஆராய்ச்சிக்காரர்கள். அவர்களுக்கு உருளையின் மேல் காதல் விடவில்லை. 1907-08இல் செலிக்மன் தம்பதி இலங்கைக் காட்டில் வேடர்களின் பாட்டை உருளையில் பிடித்தார்கள். அந்த இசையைப் பற்றி மையர்ஸ் எழுதிய அத்தியாயம் 1911இல் வந்த அவர்களின் புத்தகத்திலேயே இருக்கிறது. நம்ம தர்ஸ்டன்கூட, பிற்பாடு சாதிகள், பழங்குடிகள் பற்றித் தகவல் சேர்க்க ஊர் ஊராகப் போனபோது போனோகிராபையும் கொண்டுபோனார். ஆனால் அவர் முத்துக்குளிப்பைப் பார்த்து எழுதியது அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால். சிப்பியை எண்ணும்போது கையில் மெஷின் இல்லை. மெஷின் கைக்கு வந்தபோது கவனம் வேறு பக்கம்.

ரேடியோவாவது வந்ததே என்பீர்கள். வந்தது. ஆனால் அதுவும் காதுக்குத்தான். வானொலியில் பாட வேண்டுமானால் ஆடிஷன், கிரேடு, கான்ட்ராக்ட். ஆர்மோனியத்தையே 1940 முதல் 1971 வரை தள்ளி வைத்திருந்தது அகில இந்திய வானொலி. சுருதி சரியில்லாத வெளிநாட்டுப் பெட்டி என்று காரணம் சொன்னார்கள். தெற்கே வீட்டுக்கு வீடு, கோயிலுக்குக் கோயில், நாடகக் கொட்டகைக்குக் கொட்டகை இருந்த வாத்தியம் ஆர்மோனியம்! 1952இல் மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டையும் வெட்டிக் குறைத்தார். இந்தக் கரைக்கு அது பெரிய நஷ்டமாகப் படவில்லை. பக்கத்தில் கொழும்பு. இலங்கை வானொலி அடுத்த தெருவில் பாடுவது மாதிரி கேட்டது. திருநெல்வேலிக்கு நம் நிலையம் 1963இல் வந்தபோது காதுகள் ஏற்கெனவே கடல் தாண்டிப் பழகிவிட்டன.

ஸ்பூல் டேப் ரிக்கார்டர் என்று ஒன்று அப்போதே இருந்ததே? இருந்தது. மதராஸில் சங்கீதப் பைத்தியம் பிடித்த சில பெரிய மனிதர்கள் வீட்டில், ரெண்டு கையாலும் தூக்க வேண்டிய பெட்டியாக. தறித்துணி மாதிரி டேப்பைக் கையால் கோத்துவிட வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடு, வரி. நமக்குக் கட்டுப்படியாகாது.

இந்த இடத்தில்தான் லூ ஆட்டென்ஸ் வருகிறார். பிலிப்ஸில் இன்ஜினீயர். பெல்ஜியத்தில் ஹாசல்ட் ஊர்த் தொழிற்சாலை. ஸ்பூல் டேப்போடு மல்லுக்கட்டுவது அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. ஒரு மரத்துண்டை வெட்டி எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுப் பார்த்தார். நம் மெஷின் இந்த அளவுதான் இருக்க வேண்டும், இந்தப் பைக்குள் போக வேண்டும் என்றார். டேப்பின் அகலம் நாலு மில்லிமீட்டருக்கும் கீழே, வேகம் செகண்டுக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் கீழே. தரம் ஸ்பூல் அளவுக்கு வராது. பரவாயில்லை, பைக்குள் போகிறதே! அந்த வரலாற்று மரத்துண்டு என்ன ஆனது தெரியுமா? டயர் பஞ்சரானபோது ஜாக்கிக்கு முட்டுக் கொடுக்க எடுத்துப் போட்டாராம். போனதுதான்.

பிலிப்ஸ் இன்னொரு காரியமும் செய்தது. சோனி நெருக்கிப் பேசியதில், வேறு கம்பெனிகளும் காசு கொடுக்காமல் இதே அளவில் கேசட் செய்துகொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தது. காமர்ஸ் வகுப்பில் இதைச் சொன்னால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். ஆனால் அதனால்தான் ஜப்பானில் செய்த கேசட் உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற மெஷினிலும் ஓடியது. விலை விழுந்தது. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி, நம் ஆட்கள் வளைகுடாவுக்குக் கிளம்பினார்கள். திரும்பி வருகிறவர் கையில் ஒரு சூட்கேஸ், தோளில் ஒரு டூ-இன்-ஒன். நேஷனல் பானசோனிக், சான்யோ, ஷார்ப்.

தூத்துக்குடிக்கு அந்தப் பெட்டி வர ரெண்டு வழி. ஒன்று வளைகுடா. இன்னொன்று கப்பல். 1974இல் புதுத் துறைமுகம் பெரிய துறைமுகம் என்ற அந்தஸ்து பெற்றது. அடுத்த வருஷம் ஸ்பிக் உர ஆலை. 1979இல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட். மீனும் உப்பும் முத்தும் என்று இருந்த ஊர் சங்கு ஊதினால் எழுந்திருக்கிற ஊரானது. ‘ஏ’ ஷிப்ட், ‘பி’ ஷிப்ட், நைட் ஷிப்ட். நேரமே இல்லை என்று எல்லோரும் சொல்ல ஆரம்பித்ததும் அப்போதுதான், எல்லோர் வீட்டிலும் பாட்டுப் பதிவு ஆரம்பித்ததும் அப்போதுதான்.

முதலில் செய்தது திருட்டு. ரேடியோவில் பாட்டுப் போடும்போது பதிவு செய்வது. டூ-இன்-ஒன் இருந்தால் ரேடியோவும் ரிக்கார்டரும் ஒரே பெட்டி, பிரச்சினையில்லை. தனி ரிக்கார்டர் என்றால் ரேடியோவின் முன்னால் வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். “ஏலே, யாரும் சத்தம் போடாதிய. ரிக்கார்டு ஓடுது.” அப்போதுதான் தெருவில் கோலப்பொடிக்காரர் வருவார். இன்றும் என் காதில் சில இளையராஜா பாட்டுகள் ஒரு காக்கா சத்தத்தோடும் குக்கர் விசிலோடும்தான் முழுமையாக இருக்கின்றன. கே.எஸ். ராஜாவின் குரல் பாட்டின் முதல் வரியில் ஏறிவிடும். அதுவும் சேர்ந்துதான் பாட்டு.

ரெண்டாவது, கேசட் கடிதம். துபாயிலிருந்தோ தோஹாவிலிருந்தோ லீவில் வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? நடுவில் பேச்சு தீர்ந்துபோகும். மீதி டேப்பை என்ன செய்வது? பாடிவிடுவார்கள். அங்கே ஆறு பேர் படுக்கிற அறையில் ஒருவன் வாளியைத் தட்ட ஒருவன் பாடுவான். இங்கிருந்து போகிற கேசட்டில் பேரக்குழந்தைக்குப் பாட்டி பாடுகிற தாலாட்டு. எடிசனின் குடும்பப் பதிவேடு நூறு வருஷம் கழித்து நிஜமானது இப்படித்தான்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே பெட்டிதான். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது, பேட்டரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ வெளிச்சத்துக்குக் கொடுக்கிற கரண்டில் பாட்டுக் கேட்டார்கள். சுற்றுகிறவர் கை சோர்ந்தால் பாடகர் குரலும் சோரும்.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. சொந்தப் பாட்டு.

நான் பார்த்த ஒரு அண்ணாச்சியைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையை எண்ணி எழுதுகிற வேலை. கப்பல் வந்துவிட்டால் ராத்திரி பகல் கிடையாது. ஓய்ந்த நாளில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆர்மோனியத்தைத் திறப்பார். அவர் வீட்டில் ரெண்டு ரிக்கார்டர் இருந்தது. அதில் ஒன்று பாதி செத்தது. முதல் பெட்டியில் ஆர்மோனியத்தை மட்டும் வாசித்துப் பதிவு செய்வார். பிறகு அதை ஓடவிட்டு, கூடவே தான் பாட, ரெண்டையும் சேர்த்து ரெண்டாவது பெட்டி பிடித்துக்கொள்ளும். அதை மறுபடி ஓடவிட்டு, மரப்பெட்டியில் தாளம். ஒவ்வொரு சுற்றுக்கும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் ஒரு படி ஏறும். மூன்றாவது சுற்றில் பாட்டு ஏதோ மழைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. “மழையில பாடுன மாதிரியே இருக்குல்லா?” என்பார்.

ஃபேனை நிறுத்த வேண்டும். ஜன்னலைச் சாத்த வேண்டும். அறையில் எதிரொலி வந்தால் துணி பீரோவைத் திறந்து வைத்து, சேலைகளின் பக்கம் முகத்தை வைத்துப் பாட வேண்டும். தூத்துக்குடிப் புழுக்கத்தில் இதைச் செய்ய எவ்வளவு ஆசை இருக்க வேண்டும், யோசியுங்கள். பேட்டரி தீரப்போகிற நேரத்தில் பதிவு செய்தால் டேப் மெதுவாக ஓடும். புதுப் பேட்டரி போட்டுக் கேட்டால் பாடியவர் பொம்பளைக் குரலில் ஓட்டமாகப் பாடுவார். அதைக் கேட்டு வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். யாருக்கும் விற்கிற உத்தேசம் இல்லை, யாரும் மார்க் போடப் போவதில்லை. கேட்கிற ஆள் மொத்தம் நாலு பேர். கணக்குப்பிள்ளை வேலையின் நடுவே பாட்டுக் கட்டுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளே தமிழ் நாடக உலகத்துக்குப் போகும் முன்னால் இருபத்து நாலு வயது வரை தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலைக் கணக்கர்தான்.

அண்ணாச்சி ரெண்டு பெட்டியை வைத்துப் பட்ட பாட்டை ஒரே பெட்டியில் செய்கிற மெஷினை ஜப்பானில் டீயாக் கம்பெனி 1979இல் விற்க ஆரம்பித்திருந்தது. பெயர் போர்ட்டாஸ்டுடியோ. சாதாரணக் கேசட்டிலேயே நாலு தடம், ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிவு செய்யலாம். அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் வீட்டு அறையில் உட்கார்ந்து, அந்த மெஷினில் கிதாரும் மவுத் ஆர்கனுமாகப் பதிவு செய்தார். பேண்டுக்குக் கேட்கக் கொடுப்பதற்கான மாதிரி, அவ்வளவே. கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு பெரிய ஸ்டுடியோவில் பேண்டோடு வாசித்துப் பார்த்தால், அந்த வீட்டுக் கேசட்டில் இருந்தது வரவே இல்லை. கடைசியில் கேசட்டையே ஆல்பமாகப் போட்டார்கள். ‘நெப்ராஸ்கா’ என்று அதற்குப் பெயர்.

நம்ம ஊரில் ஏ.ஆர். ரகுமான் கதை தெரிந்ததுதான். பதினொரு வயதிலேயே கீபோர்டு தூக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு வாசிக்கப் போனவர். விளம்பரப் பாட்டு, ரெக்கார்டிங் என்று ஓட்டம். 1989இல் வீட்டுப் பின்கட்டில் பஞ்சதன் என்று ஒரு ஸ்டுடியோ போட்டுக்கொண்டார். 1992இல் ‘ரோஜா’. அதற்கப்புறம் அது பொழுதுபோக்கு இல்லை, தொழில். ஆனால் ரகுமானையும் ஸ்பிரிங்ஸ்டீனையும் காட்டி, “பார், வீட்டில் பதிவு செய்தால் நீயும் இப்படி ஆகலாம்” என்று பையன்களை விரட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கடுப்பு வரும். ஆயிரத்தில் ஒருவர் அப்படி ஆகலாம். மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் பாடியது வீண் என்று யார் சொன்னது? கைவசம் நாலு குரல் மிஞ்சியதே அவர்களால்தான்.

என்ன மிஞ்சியது? அதைப் பார்ப்போம்.

கடலில் எஞ்சின் வந்ததும் அம்பாவுக்கு வேலை போயிற்று. டீசல் சத்தத்துக்கு மேல் யார் பாடுவது? பாடினாலும் எதற்கு? தோளும் மூச்சும் ஒன்று சேர வேண்டிய தேவையே இல்லையே. கரைவலை இழுக்கிற இடங்களில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டு வயசானவர்கள் வாயில் மட்டும் தங்கியது. அந்த வயசானவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த அதே வருஷங்களில்தான் பேரன்கள் கேசட் பெட்டி வாங்கினார்கள். விளையாட்டுக்கு, “தாத்தா, பழைய பாட்டு ஒண்ணு பாடுங்க” என்று மைக்கை நீட்டினால் அது வேறு கணக்கு. படகில் பாடியது போச்சு. திண்ணையில் பாடியதாவது கிடைக்கும். முத்துக்குளித்தவர்களில் இளையவர்கள் 1980களில் அறுபதை எட்டாதவர்கள் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். ரெண்டு வருஷம் லேட்டாகப் பிறந்த பெட்டிக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது.

இந்த வேலையைப் படிப்போடு சேர்த்துச் செய்தவர்களும் உண்டு. மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் பேராசிரியர் வேலை பார்த்துக்கொண்டே கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்புறப் பாட்டுச் சேர்த்தார்கள். அந்த அம்மையாருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காறுகளைத் தனித் துறையாகவே வைத்து நடத்தியது. டெல்லிப் பக்கம் குர்கானில் இசைப் பதிவுகளுக்கென்றே 1982இல் தொடங்கிய ஒரு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆனால் எந்தப் பேராசிரியரும் ஒவ்வொரு வீட்டுப் பாட்டியையும் தேடி வர முடியாது. பாட்டி காய் நறுக்கும்போது தன்னை மறந்து பாடுவதைப் பிடிக்க அந்த வீட்டிலேயே இருக்கிறவனால்தான் முடியும். அவனுக்கு ஆராய்ச்சி தெரியாது. பொழுது போகவில்லை, பெட்டி கையில் இருக்கிறது. அவ்வளவு போதும்.

2000இல் ஆடாசிட்டி என்கிற சாஃப்ட்வேர் இலவசமாக வந்தது. கம்ப்யூட்டர் இருந்தால் நாலு தடம் என்ன, நாற்பது தடம் போடலாம். இப்போது சட்டைப் பையில் இருக்கிற போனே ஒரு ஸ்டுடியோ. அண்ணாச்சி மாதிரி ஃபேனை நிறுத்தி பீரோவுக்குள் முகத்தை விட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அவர் வீட்டு மாதிரி ஆயிரம் வீடுகளில் இருக்கிற அந்தக் கேசட்டுகள்? அதுதான் இப்போது அவசரம்.

நம் கரைக்கு ரெண்டு எதிரி. உப்புக் காற்றும் ஈரமும். கேசட்டில் டேப்பின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். ஹெட்டோடு டேப்பை அழுத்திப் பிடிக்கிற குட்டிப் பஞ்சு பசை விட்டு விழுந்திருக்கும். டேப் ரிக்கார்டரின் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் ஆசை தாங்காமல் கேசட்டை எடுத்து நேராகப் போட்டால் மெஷின் டேப்பைத் தின்றுவிடும். தொண்ணூறு மீட்டர் டேப்பையும் பிள்ளையார் கோயில் வாழைநார் மாதிரி அள்ளி எடுக்க வேண்டிவரும்.

முதலில் பென்சிலை விட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருக்கிறதா, சுலபமாக ஓடுகிறதா என்று தெரியும். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் போடவே வேண்டாம், தெரிந்த ஆளிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால், முதலில் வேண்டாத ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டு மெஷின் யோக்கியமா என்று சோதியுங்கள். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டின் முதுகில் ரெண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும், அதை உடைத்துவிடுங்கள். தப்பித்தவறி சிவப்புப் பட்டன் அழுந்தினாலும் தாத்தா அழியமாட்டார். ஹெட்போன் போடுகிற ஓட்டையிலிருந்து ஒரு வயர், கம்ப்யூட்டரின் ஆடியோ ஓட்டைக்கு. ஆடாசிட்டியைத் திறந்து ஓடவிட வேண்டியதுதான். அறுபது நிமிஷக் கேசட்டுக்கு அறுபது நிமிஷம் ஆகும். அவசரப்படுத்த முடியாது. உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலையும் சேர்த்து வழிக்காதீர்கள். அசலை அப்படியே ஒரு பிரதி வைத்துவிட்டு மற்றதை அப்புறம் செய்யலாம். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம் என்று எழுதுங்கள். ‘டிராக் 1’ என்று வைத்தால் இருபது வருஷம் கழித்து உங்கள் பிள்ளைக்கு அது யாரோ ஒருவரின் இருமல்.

இருபது முப்பது கேசட் இருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், உறையில் பச்சை மையில் வரிசையாகப் பாட்டுப் பெயர், படப் பெயர் எல்லாம் எழுதியிருப்பதை ஒதுக்குங்கள். அதெல்லாம் ரெக்கார்டிங் சென்டரில் பதிவு செய்தது, இன்றும் எங்கும் கிடைக்கும். ஒன்றுமே எழுதாதது, சோப்பு டப்பாவுக்குள் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பது, பல்லை உடைத்து ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டி மறுபடி பதிவு செய்தது என்று நாலைந்து தேறும். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.